நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருந்த கன்று

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில், கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே பிரிகிற ஒரு மண்பாதையின் முடிவில் இருக்கிறது அந்தக் குடும்பத்தின் நிலம். இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு கறவை மாடு. ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை போடுவார்கள். கிணற்றில் தண்ணீர் நின்றால் கொஞ்சம் நெல். சொசைட்டியில் ஊற்றுகிற பால் காசில்தான் வீட்டுச் செலவு ஓடும். மல்லாட்டை விற்ற பணம் கடனுக்கும் நல்லது கெட்டதுக்கும் போய்விடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மார்கழி மாதம் ஒரு ராத்திரி, இரண்டு மணிக்கு அவர்களுடைய செவலைப் பசு கன்று போட்டது. கிடேரிக் கன்று. இரண்டு தடவை சினை ஊசி போட்டும் தங்காமல் மூன்றாவது தடவை தங்கியது என்பதால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தாய் நக்கிக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் கன்று தடுமாறி எழுந்து மடியைத் தேடியது.

"அத்தை, கன்னு மடிய முட்டுது. வுட்டுடட்டுமா?" என்று மருமகள் கேட்டார்.

"நஞ்சு இன்னும் விழல. அதுக்கு முன்னால குடிச்சா கன்னுக்கு ஆகாது. நஞ்சும் உள்ளயே நின்னுடும். செத்த பொறு" என்றார் மாமியார். அவருடைய மாமியார் அவருக்குச் சொன்னது அதுதான். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

நஞ்சுக்கொடி விழுந்தபோது காலை மணி பதினொன்று. ஒன்பது மணி நேரம் பசியோடு கிடந்த கன்று அதற்குள் சோர்ந்துவிட்டது. மடியில் விட்டதும் நாலு வாய் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மிச்சமிருந்த சீம்பாலைக் கறந்து வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் கன்று வெள்ளையாகக் கழிந்தது. காது குளிர்ந்து, கண் உள்ளே போனது. கால்நடை மருத்துவர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார், ஊசி போட்டார். ஏழாம் நாள் காலையில் கன்று எழவில்லை. தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

மருத்துவர் முதல் நாள் வந்தபோது கேட்டது ஒரே கேள்விதான். "கன்னு பொறந்து எத்தனை மணி நேரம் கழிச்சும்மா சீம்பால் குடிச்சது?" பதிலைக் கேட்டுவிட்டு அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. மருமகளுக்கு அந்தக் கேள்விதான் மனசில் நின்றுவிட்டது. அடுத்த முறை செவலையைச் சினைக்குக் கூட்டிப் போனபோது, நேராகவே கேட்டுவிட்டார்: "சார், அந்த ஒன்பது மணி நேரத்துல அப்படி என்னதான் போச்சு?"

முதல் நாளோடு மூடிக்கொள்ளும் கதவு

மனுசக் குழந்தை பிறக்கும்போதே தாயிடமிருந்து கொஞ்சம் நோய் எதிர்ப்புப் பொருளை வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியாக அது வந்துவிடுகிறது. மாட்டுக்கு அப்படி இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி அமைந்திருக்கிற விதத்தில், தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் கன்றுக்குக் கடந்து போக முடியாது. அதனால் கன்று பிறக்கும்போது அதன் உடம்பில் காவல் அநேகமாக ஒன்றுமே இல்லை. அதே கன்று விழுகிற இடமோ சாணமும் மூத்திரமும் கிருமியும் கலந்த கொட்டகைத் தரை.

இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் சீம்பால். தாய் தன் வாழ்நாளில் எந்தெந்தக் கிருமியோடு மல்லுக்கட்டி ஜெயித்ததோ, அவற்றுக்கான எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் சீம்பாலில் திரண்டு நிற்கின்றன. கெட்டியாகவும் மஞ்சளாகவும் இருப்பது சும்மா இல்லை. வழக்கமான பாலைவிடப் பல மடங்கு புரதம் அதில் இருக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. பிறந்த கன்றின் குடல், அந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் அப்படியே உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும். இந்தத் திறன் பிறந்த நிமிடத்திலிருந்தே குறைய ஆரம்பித்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது சாப்பாடாகச் செரிக்குமே தவிர, காவலாக ரத்தத்தில் சேராது. ஒன்பது மணி நேரம் காத்திருந்ததில் போனது இதுதான். குடித்த நாலு வாயிலும் பாதிப் பலன்கூடக் கிடைத்திருக்காது.

"அப்போ நஞ்சு நின்னுடும்னு சொல்றாங்களே சார்?"

அது தலைகீழ். கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது பசுவின் உடம்பில் ஆக்சிடோசின் என்ற ஒரு சுரப்பு உண்டாகிறது. பாலை இறக்கிவிடுவதும் அதுதான், கருப்பையைச் சுருங்கவைத்து நஞ்சுக்கொடியை வெளியே தள்ள உதவுவதும் அதுதான். சீம்பால் குடிக்கவிட்டால் நஞ்சு விழுவதற்குத்தான் உதவி. பன்னிரண்டு மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் கையை விட்டு இழுக்காமல், கல்லைக் கட்டித் தொங்கவிடாமல், மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கணக்கு சுலபமானது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டர். அதில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் முதல் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். கூடவே தொப்புள்கொடியைச் சுத்தமாகக் கத்தரித்து டிஞ்சர் அயோடின் தடவ வேண்டும். அதுவும் கிருமி நுழைகிற வாசல்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத் தெரிந்தது. பொய்கைச் சந்தைக்குப் போய் நிறைமாதச் சினை மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்த மாடு பழகியது பழைய கொட்டகையின் கிருமிகளோடு. புதுக் கொட்டகையின் கிருமிகளுக்கான எதிர்ப்புப் பொருள் அதன் சீம்பாலில் குறைவாகத்தான் இருக்கும். ஈனுவதற்குச் சில வாரம் முன்பாவது வந்து நம் கொட்டகையில் பழகினால்தான் கன்றுக்கு நல்லது. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்றவிடுவதும் இதற்காகத்தான். கடைசிவரை கறந்துகொண்டே இருந்தால் நல்ல சீம்பால் ஊறாது.

ஓட முடியாத மல்லாட்டைச் செடி

அன்றிலிருந்து அந்த மருமகளுக்கு எதைப் பார்த்தாலும், இது நோயிலிருந்து தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்ற யோசனைதான். மாட்டுக்கு ரத்தம் ஓடுகிறது, அதில் காவல் சுற்றி வருகிறது. மல்லாட்டைச் செடிக்கு ரத்தமும் இல்லை, நோய் வந்தால் விலகி ஓடக் காலும் இல்லை. அது என்ன செய்யும்?

செடியில் ஒவ்வொரு செல்லும் தனக்குத்தானே காவல்காரன். இலையின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சு முதல் வேலி. அதைத் துளைத்துக்கொண்டு துருநோய்ப் பூஞ்சாணம் உள்ளே வந்தால், எதிர்ப்பு சக்தியுள்ள ரகத்தில் அந்த இடத்துச் செல் அதை அடையாளம் கண்டு தானே செத்துவிடுகிறது. உயிருள்ள செல்லில் மட்டுமே பிழைக்கத் தெரிந்த துருப் பூஞ்சாணத்துக்கு அதோடு சாப்பாடு நின்றுபோகிறது. தீப்பிடித்த வைக்கோல் போரைச் சுற்றி இருக்கிற கொஞ்சம் வைக்கோலை நாமே இழுத்துப் போட்டு மிச்சத்தைக் காப்பாற்றுவது மாதிரிதான். பிறகு அங்கிருந்து மற்ற இலைகளுக்குச் சேதி போகிறது. சாலிசிலிக் அமிலம் என்ற பொருளுக்கு அந்தச் சேதியில் பெரிய பங்கு உண்டு. தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் மாத்திரை அதற்கு நெருங்கிய உறவு.

இலையில் தெரியும் புள்ளியெல்லாம் இப்படி நல்ல புள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. மஞ்சள் வளையத்தோடு பழுப்பாக வருவதும், இலையின் அடிப்பக்கம் கறுப்பாக வருவதும் டிக்கா இலைப்புள்ளி நோய். அந்தப் பூஞ்சாணம் செல்லைக் கொன்றுதான் தின்கிறது. செல் தானே செத்தாலும் அதற்குக் கவலை இல்லை. அது பரவினால் மருந்தடித்துத்தான் ஆக வேண்டும்.

விதைக்கும்போதே செடியை உஷார்ப்படுத்தவும் வழி இருக்கிறது. ஒரு கிலோ விதைப் பருப்புக்கு 10 கிராம் சூடோமோனாஸ் அல்லது 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். டிரைக்கோடெர்மா வேரழுகல் பூஞ்சாணத்தோடு மண்ணில் நேராகவே சண்டை போடுகிறது. சூடோமோனாஸ் அதையும் செய்து, வேரோடு ஒட்டி வாழ்ந்து செடியின் சொந்தக் காவலையும் தட்டி எழுப்பி வைக்கிறது.

மல்லாட்டைக்கு இன்னொரு ஆயுதம் பருப்புக்குள்ளேயே இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் காயைப் பூஞ்சாணம் தொட்டால், பருப்பு அந்த இடத்தில் பூஞ்சாணத்தைத் தடுக்கும் ரசாயனங்களை உண்டாக்குகிறது. ரெஸ்வெரட்ரால் என்று இப்போது மருந்துக் கடைகளில் பேசப்படுகிற பொருள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இதைத் தயாரிக்கப் பருப்புக்கு ஈரம் வேண்டும். அறுவடைக்கு முந்தைய மூன்று முதல் ஆறு வாரங்களில் மழை பொய்த்து, மண் சுட்டு, பருப்பில் ஈரம் குறைந்துவிட்டால் அந்தத் தயாரிப்பு நின்றுபோகிறது. அந்த நேரத்துக்காகவே காத்திருக்கிற ஒரு பூஞ்சாணம் உண்டு. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்று பெயர். பச்சையும் மஞ்சளுமாகப் படரும் இந்தப் பூஞ்சாணம் உண்டாக்குகிற விஷம்தான் அஃப்லடாக்சின்.

கன்று செத்ததற்கு அடுத்த ஆடியில் அது அவர்கள் நிலத்திலேயே நடந்தது. எண்பதாம் நாளுக்கு மேல் மழை இல்லை. கிணற்றை ஒட்டிய அரை ஏக்கருக்கு மட்டும் இரண்டு தண்ணீர் கட்ட முடிந்தது. மிச்சம் காய்ந்தது. பிடுங்கிப் பார்த்தபோது கிணற்றடி மல்லாட்டை ஓடு வெளுப்பாக, பருப்பு இளஞ்சிவப்பாக இருந்தது. மேட்டு நிலத்துக் காயில் சுருங்கின பருப்பும், கரையான் அரித்த ஓடும், உடைத்தால் பச்சைப் பூசணமும் நிறையத் தெரிந்தது. ரகம் ஒன்று, விதை ஒன்று. கடைசி மாதத்தில் கட்டிய இரண்டு தண்ணீர்தான் வித்தியாசம்.

பூசணம் பிடித்தது மாட்டுக்குப் போகலாமா?

நல்ல காயை மூட்டை பிடித்துச் சேத்துப்பட்டு கமிட்டிக்கு அனுப்பினார்கள். ஒதுக்கிய காயை என்ன செய்வது? எண்ணெய் ஆட்டிக்கொண்டு பிண்ணாக்கை மாட்டுக்குப் போடலாம் என்றார் கணவர். வழக்கமாக எல்லா ஊரிலும் நடப்பதும் அதுதான். மருமகள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். அவர் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியவில்லை. கடைசியில் காரணம், பிரேசில் நாட்டிலிருந்து தீவனத்துக்காக வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு என்று தெரிந்தது. அதில் இருந்த பூஞ்சாண விஷத்துக்குத்தான் அதன் பிறகு அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

எண்ணெய் ஆட்டும்போது இந்த விஷத்தில் பெரும் பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஊறவைத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. கோழியைவிட மாடு கொஞ்சம் தாங்கும். ஆனால் கன்று தாங்காது. மாடும் செத்து விழவில்லையே தவிர, ஈரல் கெடும், தீனி குறையும், பால் குறையும். தின்ற ஒரு நாளுக்குள் விஷத்தின் ஒரு பங்கு பாலில் இறங்கிவிடும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகளும்தான். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று, அஃப்லடாக்சின் உடம்பின் காவலையே படுக்கவைத்துவிடும் என்பது. அதைத் தின்ற கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போட்டாலும் சரியாக எடுபடவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மல்லாட்டைச் செடி தண்ணீர் இல்லாமல் தன் காவலை இழக்கிறது. அந்தக் காயின் பிண்ணாக்கைத் தின்ற மாடு தன் காவலை இழக்கிறது. ஒரு நோய் வயலில் தொடங்கிக் கொட்டகைவரைக்கும் வருவதை அந்தக் குடும்பம் அப்போதுதான் கோத்துப் பார்த்தது. பூசணக் காயைக் கொட்டி மண்ணில் புதைத்தார்கள். அந்தப் பணம் போனதுதான். மனசு வலிக்கத்தான் செய்தது.

இப்போது அறுவடை முடிந்ததும் செடியைக் கவிழ்த்து, காய் மேலே தெரியும்படி காயவைக்கிறார்கள். குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் கலகலவென்று ஆடும்வரை, அதாவது காயில் ஈரம் 8, 9 சதவீதத்துக்கு வரும்வரை, மூட்டை கட்டுவதில்லை. உடைக்கச் சுலபமாக இருக்கும் என்று காய்மேல் தண்ணீர் தெளிக்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குகிறார்கள்.

ஊசி போட்டால் பால் குறையுமா?

அந்தத் தெருவில் கோமாரித் தடுப்பூசி முகாம் என்றால் நாலு பேராவது மாட்டை ஓட்டிக்கொண்டு கொல்லிப்பக்கம் போய்விடுவார்கள். ஊசி போட்டால் பால் குறையும் என்கிற பயம்தான். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஊசி போட்ட ஓரிரு நாள் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், பால் சற்றுக் குறையும். உடம்பு எதிரியின் முகத்தைப் பார்த்து ஆயுதம் செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. கோமாரி வந்த மாட்டுக்கோ வாயும் குளம்பும் புண்ணாகும். பால் அந்த ஈத்து முழுக்கப் பழையபடி ஏறாமலே போகும்.

தடுப்பூசி என்பது செத்த கிருமியையோ வலுக்குறைத்த கிருமியையோ உடம்புக்குக் காட்டி, "இவன்தான் எதிரி, ஞாபகம் வைத்துக்கொள்" என்று சொல்வது. அந்த ஞாபகம் சில நோய்க்கு ஆயுசுக்கும் நிற்கும். கோமாரிக்குச் சீக்கிரம் மங்கிவிடும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கிறது. ஊசி போட்ட அன்றே காவல் வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். பக்கத்து ஊரில் நோய் வந்தபிறகு ஓடுவதில் பிரயோஜனம் குறைவு.

கன்றுக்கு ஏன் நாலு மாதம் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதும் சீம்பாலோடு சேர்ந்த கதை. தாய் தந்த எதிர்ப்புப் பொருள் கன்றின் ரத்தத்தில் இருக்கிறவரை, ஊசியில் போகும் கிருமியையும் அதுவே பிடித்து அழித்துவிடும். கன்றின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. அந்த இரவல் காவல் தேய்கிற நாலு மாத வாக்கில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி போட்டால் கன்று சொந்தக் காவலைச் சேர்த்துக்கொள்ளும்.

தடுப்பூசியால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி வெக்கை நோய். ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன நோய் அது. அதற்கான மருந்து செய்வதற்காக 1932-ல் ராணிப்பேட்டையில் தொடங்கிய நிலையம் இன்றைக்கும் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கிறது. இந்தியாவில் வெக்கை கடைசியாக வந்தது 1995-ல். 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடி மனிதன் பூமியிலிருந்தே ஒழித்த நோய் அது ஒன்றுதான். அந்தத் தெருவில் இன்றைக்கு மாடு வளர்க்கிற இளவட்டங்கள் யாரும் வெக்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. மாமியார் மட்டும் சின்ன வயசில், ஒரே வாரத்தில் உழவு மாடு இரண்டும் போய் அவருடைய அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்ததைச் சொல்வார்.

இரண்டு மணி பத்து நிமிடம்

போன தை மாதம் செவலை மறுபடி ஈன்றது. இந்தத் தடவையும் ராத்திரிதான், இந்தத் தடவையும் கிடேரிதான். மருமகள் டார்ச் லைட்டோடு ஓடி வந்தபோது மாமியார் ஏற்கனவே கொட்டகையில் இருந்தார். மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீய்ச்சலைக் கீழே விட்டுவிட்டு, கன்றின் வாயைக் காம்புக்குக் கொண்டுபோனதும் அவர்தான். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவரும் பழசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கொட்டகைச் சுவரில் மருமகள் சாக்பீஸால் எழுதிவைத்தார்: பிறந்தது 1.40. சீம்பால் 2.10.

நஞ்சுக்கொடி ஆறு மணிக்கு, தானாக விழுந்தது. மாமியார் அதை எடுத்துப் புதைத்துவிட்டு வந்து, சுவரில் எழுதியிருந்ததற்குக் கீழே, "இதையும் எழுதும்மா" என்றார்.

விடிந்ததும் தெருப் பிள்ளைகள் வழக்கம்போலக் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். "நாளைக்கு வாங்கடா. இன்னிக்கு அது கன்னோட பங்கு" என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார் மாமியார்.

அந்தக் கன்றுக்கு இப்போது ஐந்து மாதம். கோமாரி ஊசி இரண்டு தடவை போட்டாயிற்று. தென்னை மரத்தடியில்தான் கட்டியிருக்கிறார்கள்.